வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எங்கே போகின்றன?

கோத்தகிரிப் பக்கம் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பருப்பொருள், தனிம வரிசை அட்டவணை, வேதிப்பிணைப்பு மூன்றையும் தனித்தனிப் பாடமாக நடத்துகிறார்கள். படித்தும் விட்டேன். ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம் என்றுதான் புரியவில்லை. அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? நம் ஊரில் பருப்பு வேக நேரமாகிறது என்று அம்மா சொல்கிறார், அதற்கும் இந்தப் பாடத்துக்கும் தொடர்பு உண்டா?"

தொடர்பு உண்டு தம்பி. மனப்பாடமும் கொஞ்சம் வேண்டும், ஆனால் 118 தனிமங்களுக்கும் வேண்டியதில்லை. மூன்று பாடங்களையும் கோக்கும் கேள்வி ஒன்றுதான்: அணுவின் வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள் எங்கே போகின்றன? எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதைக் கேட்டுப் பழகுங்கள். பருப்பிலிருந்தே தொடங்கலாம்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக்கான கணக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் மேலே போனால் ஒரு டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; அங்கே 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். கோத்தகிரியில் 94ஐ ஒட்டி, பழனி அடிவாரத்தில் 99ஐ ஒட்டி. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். கொதிக்க ஆரம்பித்தபின் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் சூடு ஏறாது, ஆவிதான் வேகமாகப் போகும். அதனால் நம் பருப்பு சமவெளியைவிட ஆறேழு டிகிரி குறைந்த சூட்டில் வேகிறது. குக்கரில் வைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, இங்கேயும் 115 டிகிரிக்கு மேல் கிடைத்துவிடும்.

சரி, கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிகளுக்குள் இருப்பது என்ன? வகுப்பில் கேட்டால் பலர் காற்று என்பார்கள். சிலர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார்கள். இரண்டுமே இல்லை, அது நீராவி. அடுப்பில் வைத்த சற்று நேரத்தில் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்னக் குமிழிகள்தான் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. பெரிய குமிழிக்குள் இருப்பது அதே நீர் மூலக்கூறு, உடையாமல் அப்படியே. பருப்பொருள் பாடத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நீரில் இரண்டு வகைப் பிணைப்புகள் உண்டு. ஒரு மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து வைத்திருப்பது ஒன்று. அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்கு இடையில் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு இன்னொன்று. முன்னதன் வலுவில் பின்னது சுமார் இருபதில் ஒரு பங்குதான். அடுப்பின் சூடு பிரித்துவிடுவது பின்னதை மட்டுமே. நீர் உருகுவது, உறைவது, கொதிப்பது எல்லாமே இந்த வலுக்குறைந்த பிணைப்புகளோடு நிற்கும் மாற்றங்கள். வலுவான பிணைப்பில் கை வைத்தால்தான் அது வேதிமாற்றம்.

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாகிறதே, அந்த உறைபனியும் இதே கதைதான். காற்றில் இருக்கும் நீராவி திரவமாகாமலேயே நேராகப் பனிக்கட்டியாகப் படிகிறது. தேயிலைக் கொழுந்து கருகுவது ஏன் என்றால், செல்லில் இருக்கும் நீரும் உறைகிறது. உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் சுருங்கும், நீர் ஏன் பருக்கிறது? பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பக்கம் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு, நடுவில் வெற்றிடம் விட்டு நிற்கிறது. பிணைப்பின் திசைதான் பொருளின் வடிவத்தை முடிவு செய்கிறது.

பருப்பொருள் பாடத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இன்னோர் இடம், தனிமமும் சேர்மமும். குன்னூரிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாசல்களில் ஹைட்ராஞ்சியா பூத்திருக்கும். நம் மண் அமிலத்தன்மை உள்ளது, அதனால் பூ நீலமாக வரும். அதே செடிக்குச் சுண்ணாம்பு போட்டு மண்ணின் அமிலத்தைக் குறைத்தால் நாளடைவில் பூ இளஞ்சிவப்பாகும். நீலத்துக்குக் காரணம் அலுமினியம். அமில மண்ணில் அது அயனியாகக் கரைந்து, வேர் வழியாக ஏறி, பூவின் நிறமியோடு சேர்ந்து நீலம் காட்டுகிறது. அமிலம் குறைந்தால் அலுமினியம் கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடும்.

உங்கள் வீட்டு அலுமினியப் பாத்திரத்தில் இருப்பதும் அதே அலுமினியம்தானே என்று கேட்டால், அணுக்கரு அதேதான், 13 புரோட்டான். எலக்ட்ரான்கள் இருக்கும் இடம்தான் வேறு. அலுமினியத்தின் எலக்ட்ரான் அமைப்பு, உள்கூட்டிலிருந்து வெளிக்கூடு வரை, 2, 8, 3. பாத்திரத்தில் அந்தக் கடைசி மூன்றும் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுக்கத் திரிகின்றன. அதனால்தான் பாத்திரம் சட்டென்று சூடேறுகிறது, மின்சாரம் கடத்துகிறது, தட்டினால் உடையாமல் நசுங்குகிறது. இதற்குப் பெயர் உலோகப் பிணைப்பு. பூவில் அந்த மூன்றும் போய்விட்டன. மிஞ்சியது 2, 8 மட்டும் உள்ள, மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனி. பளபளப்பும் இல்லை, கடத்தலும் இல்லை. ஒரே தனிமம், இரண்டு குணம். சேர்மத்தில் தனிமத்தின் குணம் ஏன் தெரிவதில்லை என்று தேர்வில் கேட்டால், இதை எழுதுங்கள்.

இப்போது அட்டவணைக்கு வருவோம். மெண்டலீவ் 1869இல் அதை வெளியிட்டபோது தெரிந்திருந்த தனிமங்கள் 63தான். அவர் எடை வரிசையில் அடுக்கினார். ஆனால் குணம் ஒத்துவராத இடத்தில் வரிசையை வலிந்து திணிக்காமல் கட்டங்களைக் காலியாக விட்டார். சிலிக்கானுக்குக் கீழே காலியாக இருந்த கட்டத்தில் வரவேண்டிய தனிமத்தின் அணு எடை 72, அடர்த்தி 5.5 இருக்கும் என்று எழுதி வைத்தார். 1886இல் ஜெர்மானியம் கிடைத்தது, எடை 72.6, அடர்த்தி 5.35. யாரும் கண்ணால் பார்க்காத ஒரு பொருளுக்கு எடையும் அடர்த்தியும் முன்கூட்டியே எழுதிய துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். டெலூரியம் அயோடினைவிடக் கனமாக இருந்தும், குணத்தைப் பார்த்து டெலூரியத்தை முன்னால் வைத்தார். அது ஏன் சரி என்பது 1913இல்தான் தெரிந்தது. வரிசையைத் தீர்மானிப்பது எடை அல்ல, புரோட்டான் எண்ணிக்கை என்று மோஸ்லி எக்ஸ் கதிர்களை வைத்துக் காட்டினார்.

புரோட்டான் எண்ணிக்கை வரிசையைத் தருகிறது. வெளிக்கூட்டு எலக்ட்ரான் எண்ணிக்கை தொகுதியை, அதாவது அட்டவணையின் செங்குத்து வரிசையைத் தருகிறது. முதல் 20 தனிமங்களை மட்டும் எலக்ட்ரான் அமைப்போடு நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். பிறகு 1, 2, 17, 18 ஆகிய தொகுதிகளை மேலிருந்து கீழாகத் தெரிந்துகொண்டால் பிளஸ் ஒன்னுக்குப் பெரும்பாலும் போதும். இடமிருந்து வலம் போனால் அணு சிறுத்து, எலக்ட்ரானை இழுக்கும் பிடிப்பு கூடும். மேலிருந்து கீழே போனால் அணு பெருத்து, பிடிப்பு தளரும். இந்த இரண்டு போக்குகளிலிருந்து மீதியை ஊகித்துவிடலாம்.

ஊகம் எங்கே பொய்க்கிறது என்று பார்ப்பதில்தான் உண்மையான சுவாரசியம். 16ஆம் தொகுதியின் ஹைட்ரஜன் சேர்மங்களை எடுங்கள். டெலூரியத்தின் சேர்மம் மைனஸ் 2 டிகிரியில் கொதிக்கும், செலினியத்தினுடையது மைனஸ் 41, கந்தகத்தினுடையது மைனஸ் 60. இந்தப் போக்கிலேயே மேலே போனால் ஆக்சிஜனின் சேர்மமான நீர் மைனஸ் 80 டிகிரி அளவில் கொதிக்க வேண்டும். அப்படிக் கொதித்திருந்தால் பூமியில் ஓர் ஓடைகூட இருக்காது. ஆக்சிஜன் சிறிய அணு, எலக்ட்ரானைப் பலமாக இழுப்பது. அதனால் நீரில் ஹைட்ரஜன் பிணைப்பு வலுவாக அமைந்து கொதிநிலையை அவ்வளவு தூரம் உயர்த்திவிட்டது.

இன்னொன்று கார்பனும் சிலிக்கானும். ஒரே தொகுதி, இரண்டுக்கும் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். இரண்டும் ஓர் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் என்ற விகிதத்தில் சேர்கின்றன. ஒன்று நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடு. மற்றது நம் மலைப் பாறையில் உள்ள குவார்ட்ஸ். நீலகிரியின் பாறை சார்னோக்கைட் வகை. தொட்டபெட்டாவில் நீங்கள் ஏறி நிற்கும் கல்லிலும் குவார்ட்ஸ் மணிகள் உண்டு. வாயு ஒரு பக்கம், 1,700 டிகிரி வரை சூடாக்கினால்தான் இளகும் கல் மறுபக்கம். எப்படி?

கார்பன் சிறிய அணு. ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொண்டு மூன்று அணு மூலக்கூறாக முடிந்துவிடும். பக்கத்து மூலக்கூறோடு பெரிய ஒட்டுதல் கிடையாது, அதனால் வாயு. இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு அணுக்களின் எலக்ட்ரான் மேகங்களும் பக்கவாட்டில் மேற்பொருந்த வேண்டும். சிலிக்கான் பெரிய அணு, தூரம் அதிகம், அந்த மேற்பொருந்தல் மெலிவாகத்தான் அமையும். அதனால் அது நான்கு ஆக்சிஜன்களோடு நான்கு ஒற்றைப் பிணைப்பு போடுகிறது. ஒவ்வோர் ஆக்சிஜனும் இன்னொரு சிலிக்கானைப் பிடிக்கிறது. அது முடிவதே இல்லை. ஒரு குவார்ட்ஸ் மணி முழுவதும் ஒரே பின்னல். அதை உருக்க வேண்டுமானால் எலக்ட்ரானைப் பகிர்ந்து உருவான உண்மையான சகப்பிணைப்புகளையே உடைக்க வேண்டும். பருப்பொருளின் நிலை, அட்டவணையில் இருக்கும் இடம், பிணைப்பு, உங்கள் மூன்று பாடங்களும் இந்த ஓர் உதாரணத்தில் வந்துவிட்டன.

எலக்ட்ரான் இருக்கும் நிலையைத் தொட்டுப் பார்க்காமலேயே எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கால்சியத்தின் ஒளியில் சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். கால்சியத்தின் அமைப்பு 2, 8, 8, 2. சூரியனின் சூட்டில் அந்த இரண்டில் ஒன்று பிய்ந்து போய்விடும். மிஞ்சிய ஓர் எலக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஊதா ஓரத்தில் 393.4 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மட்டும் உள்வாங்கும் அல்லது வெளிவிடும். எந்தச் சூட்டில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்ற கணக்கை 1920இல் தந்தவர் மேகநாத் சாகா. ஹீலியம் முதலில் தெரிந்ததும் இப்படித்தான். 1868இல் சூரிய ஒளியில் எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. பூமியில் ராம்சே அதைப் பிடித்தது 1895இல். மெண்டலீவின் முதல் அட்டவணையில் ஹீலியம் போன்ற மந்த வாயுக்களுக்கு இடமே கிடையாது. அவை வந்தபோது ஒரு தொகுதியைப் புதிதாகச் சேர்த்தார்கள், மற்ற எதுவும் கலையவில்லை.

பிணைப்புக்கு வருவோம். அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று இரண்டு பெட்டிகளாகப் பிரித்து மனதில் வைப்பது எனக்குப் பிடிக்காது. எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், இரண்டு அணுக்களுக்கும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்ப்பதுதான் நல்லது. சோடியம், குளோரின் இடையே வித்தியாசம் சுமார் 2.2. எலக்ட்ரான் முழுக்கக் குளோரின் பக்கம் போய்விட்டது என்றே சொல்லலாம், அது உப்பு. ஆக்சிஜன், ஹைட்ரஜன் இடையே சுமார் 1.2. பகிர்வுதான், ஆனால் ஒரு பக்கம் சாய்ந்த பகிர்வு, அது நீர். கார்பன், ஹைட்ரஜன் இடையே 0.35 அளவுதான். கிட்டத்தட்டச் சமமான பகிர்வு, அது எண்ணெய்.

நம் ஊர் நீலகிரித் தைலம் தண்ணீரில் ஏன் கலப்பதில்லை என்பது இதிலேயே இருக்கிறது. அதன் முக்கியப் பொருள் சினியோல்: 10 கார்பன், 18 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். பெரும்பகுதி கார்பன் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான், நீரின் ஹைட்ரஜன் பிணைப்பு வலைக்குள் அதற்கு இடமில்லை. கலக்காததில் ஒரு லாபமும் உண்டு. சினியோல் 176 டிகிரியில் கொதிக்கும். ஆனால் யூகலிப்டஸ் இலையை நீராவியில் காய்ச்சும்போது 100 டிகிரிக்குக் குறைவாகவே தைலம் ஆவியாகி வந்துவிடும். கலக்காத இரண்டு திரவங்கள் தனித்தனியே ஆவி அழுத்தம் கொடுக்கின்றன. இரண்டும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொட்டால் கொதித்துவிடும். மலையில் காற்றழுத்தமும் குறைவு, இன்னும் சௌகரியம். குளிர்ந்து இறங்கியதும் தைலம் மேலே மிதக்கும், வழித்து எடுக்க வேண்டியதுதான்.

ஊட்டிக் கடைகளில் அதன் பக்கத்திலேயே விண்டர்கிரீன் தைலமும் இருக்கும், வலித் தைல வாசனையோடு. அது மெத்தில் சாலிசிலேட்: 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். ஒரு சொட்டு தண்ணீரில் விட்டுப் பாருங்கள், மிதக்காது, அடியில் போய் உட்காரும். இரண்டின் மூலக்கூறு நிறையையும் கணக்கிடுங்கள்: சினியோல் 154, மெத்தில் சாலிசிலேட் 152. கிட்டத்தட்ட சமம்! அப்புறம் ஏன் ஒன்று மிதக்கிறது, ஒன்று மூழ்குகிறது? அடர்த்தி 0.92, 1.18 என்று வைத்துக்கொண்டு வகுத்தால், ஒரு மோல் (எண்ணிக்கையில் சமமான மூலக்கூறுகள்) சினியோல் 167 மில்லிலிட்டர் இடம் பிடிக்கிறது, மற்றது 129தான். சினியோல் கூண்டு போன்ற வடிவம். சுற்றிலும் நிறைய ஹைட்ரஜன், எடை இல்லை, இடம் மட்டும் பிடிக்கும். மெத்தில் சாலிசிலேட் தட்டையான வளையம், நெருக்கமாக அடங்கும். இந்தச் சோதனையைச் செய்தால் தைலத்தைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விண்டர்கிரீன் தைலம் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

எலக்ட்ரான் கைமாறுவதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி இருந்தது. ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் எக்ஸ்ரே பிலிமும் சினிமா பிலிமும் தயாரானது. பிலிமின் மேல் பூசுவது சில்வர் புரோமைடு போன்ற வெள்ளி உப்புகளை. வெள்ளி ஓர் எலக்ட்ரானைப் புரோமினுக்குக் கொடுத்து அயனியாக நிற்கிறது. ஒளி பட்டால் புரோமைடிலிருந்து ஓர் எலக்ட்ரான் விடுபட்டு வெள்ளி அயனியிடமே திரும்பி வருகிறது. அங்கே வெள்ளி அணு பிறக்கிறது. அப்படிச் சில அணுக்கள் சேர்ந்த இடத்தைச் சுற்றி டெவலப்பர் கரைசல் மீதி வெள்ளியையும் படியவைக்கும், அதுதான் கறுப்பாகத் தெரிவது.

ஒரு தவறான கருத்தையும் இங்கேயே களைந்துவிடுகிறேன். ‘பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும்’ என்று பலரும் எழுதுகிறார்கள். தலைகீழ். பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் தேயிலைத் தோட்டத்துக்கு யூரியா வாங்குகிறோமே, ஏன்? நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். தேயிலைச் செடியால் அது முடியாது. அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலையின் சரக்கான வெடிமருந்து இதே எண்ணின் மறுபக்கம். நைட்ரோசெல்லுலோஸ், நைட்ரோகிளிசரின் இரண்டிலும் நைட்ரஜன் ஆக்சிஜனோடு வலுவற்ற ஒற்றைப் பிணைப்பில் தொங்குகிறது. அதை உடைக்கக் கொஞ்சம் செலவு. உடைந்தபின் நைட்ரஜன் அணுக்கள் தம்மோடு தாமே முப்பிணைப்பு போட்டுக்கொள்ளும்போதும், கார்பன் டை ஆக்சைடும் நீரும் உருவாகும்போதும் வரவு பல மடங்கு. எல்லாம் வாயு, எல்லாம் நொடிக்குள். குண்டு பாய்வது அந்த வரவில்தான்.

இனி ஒரு பயிற்சி. நைட்ரஜன் மூலக்கூறுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் லூயிஸ் படம் (வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) வரையுங்கள். நைட்ரஜனில் 5ம் 5ம் பத்து வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள், மற்றதில் 4ம் 6ம் பத்து. படம் ஒரே மாதிரி வரும்: நடுவில் முப்பிணைப்பு, இரு பக்கமும் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடியான தனித்த இணை ஒவ்வொன்று. கொதிநிலைகூட இரண்டுக்கும் நான்கைந்து டிகிரிதான் வித்தியாசம். ஆனால் ஒன்றை வாழ்நாள் முழுக்கச் சுவாசிக்கிறோம், மற்றது கொல்லும். காரணம் கார்பன் பக்கம் இருக்கும் அந்தத் தனித்த இணை. கார்பன் எலக்ட்ரானை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. அதனால் அந்த இணையை ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்புக்குக் கொடுத்து ஒட்டிக்கொள்கிறது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை அடைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி நம் மலைகளில் இன்னும் வருகிறது. காற்று போதாத இடத்தில் கரி எரிந்தால் கார்பனுக்கு இரண்டாவது ஆக்சிஜன் கிடைக்காது, மோனாக்சைடாகவே நின்றுவிடும். நிறம் இல்லை, மணம் இல்லை. சாம்பல் பூத்து அணைந்தது போல இருக்கும் கங்கும் இதை விட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டிலும், சீசனுக்கு வந்து தங்குகிறவர்களிடமும், படுக்கப் போகும் முன் கரி அடுப்பை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.